தரவுகளைக் கொண்டு முடிவெடுக்கும் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே,

உங்கள் பார்வைக்கு வரும் அறிக்கைகளில் எண்கள் நிறைந்திருக்கின்றன; ஆனால் அவற்றில் எவை விடுபட்டன என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. இக்குறையைப் பற்றியே எழுதுகிறேன். பொருந்தாத எண் கண்ணில் பட்டால் யாரேனும் கேள்வி கேட்பார்கள். விடுபட்டதோ கண்ணில் படுவதேயில்லை; ஆகவே முடிவெடுப்பவர் சிறிதும் ஐயமின்றியே தவறிழைக்கிறார்.

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவு, ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரைத் தாங்குமா என்ற விவாதம் நடந்தது. ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என மேலாளர்கள் கருதினார்கள். அன்று ஒப்பிடப்பட்டவை வளையம் சேதமடைந்த பயணங்கள் மட்டுமே. சேதமின்றி முடிந்தவை கணக்கில் வரவில்லை. அவற்றையும் சேர்த்துப் பார்த்த விசாரணைக் குழுவுக்கு, 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ் நடந்த 4 பயணங்களிலும் சேதம் ஏற்பட்டிருந்ததும், 66 டிகிரியிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3 சேதங்களே பதிவாகியிருந்ததும் தெளிவாயின. அதற்குள் விண்ணோடம் சிதறி 7 உயிர்கள் போயிருந்தன. தேவையான தரவு முன்பே கையில் இருந்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில், ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் கோப்பு வடிவத்தால் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. அந்தத் தொற்றாளர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

இத்தகைய பிழைகள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று மென்பொருள் வற்புறுத்தும்போது, விவரம் கிடைக்காத ஊழியர் 0 என்றோ ஜனவரி 1 என்றோ நிரப்பிவிட்டு அடுத்த படிவத்துக்குப் போகிறார். அவரைக் குறை சொல்வது நியாயமாகாது. அந்த 0 சராசரியில் கலந்தபின், அளந்து கண்ட பூஜ்யத்தையும் அளக்கப்படாத வெற்றிடத்தையும் எந்த நிபுணராலும் பிரித்தறிய இயலாது.

எனவே, 'தெரியவில்லை' என்று பதிவதை எல்லாப் படிவங்களிலும் அனுமதியுங்கள். அப்படிப் பதிந்தவரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு சராசரிக்கும் விழுக்காட்டுக்கும் அருகிலேயே, அது எத்தனை பதிவுகளிலிருந்து பெறப்பட்டது, எத்தனை விடுபட்டன, எந்தத் தேதி வரையிலானது என்பவை இடம்பெற வேண்டும் என உத்தரவிடுங்கள். இவை இல்லாத அறிக்கை ஒப்புதலுக்கு வந்தால், கையொப்பமிடாமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தரவுப் பதிவுப் பணியில் உள்ள ஒருவர்