வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள், ஆசிரியர்கள், பெற்றோர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது கிளை நூலக வாசகர் வட்டம் இந்த ஆண்டு முதன்மையாக எடுத்துக்கொண்ட வேலை, உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்கான தகவல் தேடல் பயிற்சி. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் தந்த ரங்கநாதன் சீர்காழிக்காரர். அந்த மண்ணின் பிள்ளைகள் இணையத்தில் முதலில் வருவதை அப்படியே ஒப்படைப்பில் ஒட்டுவது நமக்கு அழகில்லை.

ஊர்ச் செய்தியையே பாடமாக வைத்தோம். ‘காவிரியில் நம் பங்கு எவ்வளவு?’ என்று தேடினால் 205, 192, 177.25, 404.25 என நான்கு டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கணக்கு வரும். நான்கும் பொய்யல்ல. 205 என்பது காவிரி நடுவர் மன்றத்தின் 1991 இடைக்கால உத்தரவு. 192 என்பது அதே மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பின்படி கர்நாடகம் திறந்துவிட வேண்டிய நீர். அதையே 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆக்கியது. 404.25 தமிழ்நாட்டின் மொத்த ஒதுக்கீடு. நம் எல்லைக்குள் கிடைக்கும் நீரும் அதில் அடக்கம். ஆகவே எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் ஆண்டு, எல்லை, அலகு மூன்றும் இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம்.

எல்லையில்தான் பலர் சறுக்கினார்கள். 1981 கணக்கெடுப்பின் தஞ்சாவூர் மாவட்டத்தையும் 2011இன் தஞ்சாவூரையும் ஒப்பிட்டு, ‘மக்கள்தொகை சரிந்தது’ என்று எழுதினால் தப்பு. இடையில் 1991இல் நாகப்பட்டினமும் 1997இல் திருவாரூரும் தனி மாவட்டங்களாகிவிட்டன. 2020க்குப் பிந்தைய புள்ளிவிவரம் என்றால் மயிலாடுதுறையையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். ஆண்டிலும் அலகிலும் கவனம் வேண்டும். பழைய கிஸ்தி (நிலவரி) ரசீதில் பசலி (வருவாய்க் கணக்கின் ஜூலை–ஜூன் ஆண்டு) 1344 என்றிருந்தால் 590ஐக் கூட்டுங்கள்: 1934 ஜூலை முதல் 1935 ஜூன் வரை. வேலி என்ற பழைய நில அளவுக் கணக்கு என்றால் 20 மா ஒரு வேலி, ஏறத்தாழ 6.6 ஏக்கர்.

தேடும்போது காவிரி, காவேரி என இரண்டு எழுத்தும், தஞ்சை, தஞ்சாவூர் என இரண்டு பெயரும் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படியும் சில பழைய பி.டி.எஃப். கோப்புகள் அகப்படாது. அவை யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அங்கே பொருளடக்கத்தைத் திறந்து கையால் புரட்டுவதுதான் வழி.

குறிப்பெடுக்க 5 x 3 அங்குல அட்டை. ஒரு அட்டைக்கு ஒரே செய்தி. கீழே ஆசிரியர், நூல், பதிப்பகம், பதிப்பாண்டு, பக்க எண். பக்க எண்ணை விட்டவர் கடைசியில் புத்தகம் முழுக்கத் தேடுவார். நூலில் உள்ள வரியை அப்படியே எடுக்கும்போதே மேற்கோள் குறி போடாவிட்டால், மறுவாரம் அது தன் சொந்த வாக்கியமாகவே தோன்றும்.

ஏ.ஐ. செயலிகளைத் தடுக்கவில்லை. ஆனால் அவை சொல்லும் நூலை நூலகப் பட்டியலில் பார்த்த பிறகே எழுதலாம். இல்லாத நூலுக்கும் அவை பதிப்பாண்டு சொல்லும். பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாது என்ற வாட்ஸ்அப் செய்திக்கு நூலகமே தேவையில்லை, மாலை வெயிலில் ஒரு நடை போதும்.

தணிக்கை செய்த வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். வரும் ஆண்டு பசலி ஆவணங்களை வாசிக்கும் பயிற்சி நடத்த எண்ணம். பழைய கிஸ்தி ரசீது, அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகல் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பெயர், சர்வே எண்களை மறைத்து ஒளிநகல் தந்து உதவ வேண்டுகிறேன்.

செயலாளர்