ஓட்டையை ஓட்டையால் அடைத்த கதை

வியாசர்பாடி,
ஞாயிறு இரவு

டேய் ரவி,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்று சொன்னவன் ஆடி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. திட்டியிருப்பாய், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். ஒரு மழைக்கே கணேசபுரம் சப்வே நிரம்பிவிட்டது, அதில் புதுசு ஒன்றும் இல்லை. புறா சேகரிடம் கடனைக் கேட்டால் இன்னமும் மாடிக்குக் கூட்டிப்போய்ப் புறாதான் காட்டுகிறான்.

நான் எழுதுவது உன் அப்பாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்க. ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும், பொறுத்துக்கொள்.

போன மாதம் எண்ணூர்ப் பக்கத்துப் பார்ட்டி ஒருவர் கம்ப்ரசருக்கு ரப்பர் பேட் கேட்டார். இரும்புக் கிண்ணத்துக்குள் வட்டமான பேட், அதன்மேல் மெஷினின் கால். கிண்ணத்துக்கும் ரப்பருக்கும் நடுவே நூல்கூட நுழையாதபடி மோல்டு போட்டுக் கொடுத்தேன். அந்தப் பொருத்தத்தில் எனக்கு அவ்வளவு பெருமை. மூன்றாம் நாளே போன். "அண்ணே, ரப்பர் கேட்டா கருங்கல்லைக் கொடுத்திருக்கீங்க." நேரில் போய்ப் பார்த்தேன். மெஷின் பக்கத்து மேஜையில் வைத்த டீ கிளாஸ், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தானாக நடந்து விளிம்புக்கு வந்துவிட்டது. பேட் இருந்தாலும் அந்த உதறல், எடுத்தாலும் அந்த உதறல்.

காம்பவுண்ட்தான் (ரப்பர் கலவை) கெட்டி என்று நினைத்து, ரப்பரின் கெட்டித்தனத்தை அளக்கிற ஷோர் கணக்கில் 60இலிருந்து 45க்கு இறக்கினேன். செலவுதான் ஆனது. கிளாஸ் அப்படியே நடந்தது.

பெரியவள் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படிக்கிறாளே, அவள் ஒரு சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு, "அழுத்துப்பா" என்றாள். கட்டை விரல் வலித்ததுதான் மிச்சம். ரப்பரும் அதே ஜாதியாம். கையில் மெத்தென்று இருப்பது அது சுருங்குவதால் இல்லை, பக்கவாட்டில் பிதுங்குவதால். உருவம் மாறச் சொன்னால் மாறும்; கனஅளவைக் குறைக்கச் சொன்னால் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் முரண்டு பிடிக்கும். ஷோரை இறக்கினாலும் அந்த முரண்டு அவ்வளவாகக் குறையாது. நான்தான் பிதுங்க இடமே விடவில்லையே! முப்பது வருஷமாக ரப்பரில் புரள்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை பார்.

அப்புறம் என்ன, சோப்புத் தண்ணீர் தொட்டு, துளை போடுகிற பத்து மில்லிமீட்டர் பஞ்ச் கருவியால் பேட்டுக்கு ஏழு துளை. பிரஸ்ஸில் வைத்து மெதுவாக இறக்கிப் பார்த்தேன். தூக்கம் வந்த குழந்தை கண்ணைச் செருகுவதுபோல ஏழு துளையும் சுருங்கின, விட்டதும் விழித்துக்கொண்டன. எண்ணூரில் டீ கிளாஸ் வைத்த இடத்திலேயே நின்றது. நுரை மெத்தையின் ரகசியமும் இதுதான் என்கிறாள் மகள். திறந்த துளை உள்ள நுரையில் அடர்த்தி பாதியானால் விறைப்பு பாதியாகாது, ஏறக்குறைய கால்வாசிக்கு இறங்கிவிடும்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் பெரிய மேதை. அடுத்த லோடில் பஞ்ச் மழுங்கிவிட்டது. அவசரம் என்று பையன் கத்தியால் சதுரச் சதுரமாக வெட்டித்தள்ளினான், நானும் சரி என்று விட்டுவிட்டேன். இரண்டே வாரம். திரும்பி வந்த பேட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால், கிழிசல் ஒவ்வொன்றும் சதுரத்தின் மூலையிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. வட்டத் துளைப் பேட்டில் ஒரு கீறல் இல்லை.

1898இலேயே கிர்ஷ் என்ற ஜெர்மன்காரர் கணக்குப் போட்டுவிட்டாராம். அகலமான தகட்டில் சின்னதாக ஒரு வட்டத் துளை. தகட்டை ஒரு பக்கமாக இழுத்தால் துளையின் ஓரத்தில் மூன்று மடங்கு இழுவை விழும். துளை ஊசி அளவானாலும் காசு அளவானாலும் அதே மூன்று. எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை. 1913இல் இங்லிஸ் என்பவர் நீள்வட்டத்துக்குக் கணக்குப் போட்டார். இழுக்கிற திசைக்குக் குறுக்கே, அகலத்தைப்போல் பத்து மடங்கு நீளமாகத் துளை இருந்தால் இருபத்தோரு மடங்கு! ஆபத்து துளையின் அளவில் இல்லை, கூர்மையில் இருக்கிறது. ரப்பர் ரொம்ப நீளும்போது துளையே உருமாறிவிடும், அதனால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் கூர்மூலைதான் முதலில் கிழியும் என்பதில் மாற்றமில்லை. 1954இல் காமெட் என்ற பயணிகள் ஜெட் விமானங்கள் இரண்டு வானத்திலேயே பிளந்து விழுந்தன. கடலிலிருந்து எடுத்த துண்டுகளை ஒட்டிப் பார்த்தபோது, கூரையில் வெட்டியிருந்த ஜன்னல் திறப்பின் மூலைக்கருகே விரிசல் தொடங்கியிருந்தது. அதைப் படித்த ராத்திரி நான் சாப்பிடவில்லை. என் பேட் கிழிந்தால் கம்ப்ரசர் குதிக்கும், அவ்வளவுதான். அவர்களுடையது அப்படியா?

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன். உன் அப்பாவின் லாம்ப்ரட்டா மட்கார்டில் விரிசல் விட்டபோது, அவர் விரிசலின் நுனியைத் தேடிப்பிடித்து அங்கே ஒரு துளை போட்டாரே. "ஓட்டையை ஓட்டையால் அடைக்கிறார்டா" என்று நாம் இருவரும் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தோமே. விரிசல் நுனி என்பது ஊசிமுனை மாதிரி, இங்லிஸ் கணக்கில் எக்கச்சக்கமான மடங்கு. வட்டமாகத் துளைத்தால் முனை மழுங்கி, விரிசல் அங்கேயே நின்றுவிடும். ஸ்கூட்டரை விற்கிற வரைக்கும் அந்த விரிசல் துளையைத் தாண்டவில்லை, ஞாபகமிருக்கிறதா? மனுஷனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிரிக்க விட்டுவிட்டார்.

காலில் விழுந்ததாகச் சொல். அவரது பழைய கை டிரில் பரணில் இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே, ஆவணியில் ஓசூர் வரும்போது நானே எடுத்துக்கொள்கிறேன். பஞ்ச் புதுசு வாங்கிவிட்டேன். கத்தியைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

உன்
மணி