பள்ளிக்கூட வேன் ஓட்டற அக்காவுக்கு, பரிசு வாங்கிட்டு வந்தவ எழுதறது

வணக்கம் அக்கா. பசியாறிட்டீங்களா?

இத வாட்சாப்லயே அனுப்பிருக்கலாம்தான். ஆனா உங்களப் பத்தி எனக்குத் தெரியும்ல, ஒரு கட்டைவிரல் படத்த போட்டுட்டு கீழயே "நாளைக்கு பாப்பா வருதா"ன்னு கேட்டு பேச்ச மாத்திடுவீங்க. நேர்ல சொல்லலாம்னா காலைல ஆறேகாலுக்கு நீங்க பிளாட்டுக்குக் கீழ ஹார்ன் அடிக்கற நேரத்துல நான் ஒரு கைல புத்தகப்பை, இன்னொரு கைல தண்ணி போத்தல்னு மகள தள்ளிக்கிட்டு ஓடி வந்துட்டிருப்பேன், உங்களுக்குப் பின்னாடி ரெண்டு காடி நின்னு கத்திட்டிருக்கும். அதனாலதான் நாலு பேரு படிக்கற மாதிரி இங்க எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். பிளாட்டுக்குப் பின்னாடி லோங்காங்ல, அதான் பெரிய சாக்கடையில, குடியிருக்கற பியாவாக், அதான் அந்தப் பெரிய உடும்பு, பள்ளிக்கூடம் போகணும்னு ஆசப்படற மாதிரி நான் எழுதுன கதைக்கு சிறுவர் பிரிவுல முதல் பரிசு. பட்டர்வொர்த்ல இ.டி.எஸ். ரயில் ஏறி நாலு மணி நேரம், கேஎல் சென்ட்ரல்ல இறங்கி, அங்கேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு நடந்தே போயிட்டோம், புடவை கட்டிக்கிட்டு அந்த வெயில்ல நடந்தது தனிக்கதை. மேடையில மாலை, பொன்னாடை, என் மக உயரத்துக்கு ஒரு மாதிரி காசோலை. போட்டோ எடுத்து முடிச்ச உடனே காசோலைய கைலேர்ந்து வாங்கிக்கிட்டாங்க, தொகைய மட்டும் மாத்தி ஒட்டி அடுத்த ஆளுக்குக் குடுக்கணுமாம். எனக்கு சிரிப்பு தாங்கல. மேடையில உங்களப் பத்தி சொன்னேன், கை தட்டுனாங்க. நீங்கதான் அந்த நேரத்துல ஆறாம் ஆண்டு பசங்கள சனிக்கிழம வகுப்புக்கு ஏத்திட்டுப் போயிட்டிருந்தீங்க.

சரி, நீங்க என்ன செஞ்சீங்கன்னு இத படிக்கறவங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும்.

மத்தியானம் சின்ன வகுப்பு பசங்க முதல்ல வெளிய வந்துடுவாங்க, பெரியவங்களுக்கு இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கும். அதுவரைக்கும் வேன் பள்ளி வேலியோரம் நிக்கணும். எண்ணெ செலவாகுதுன்னு ஏர்கோன் போட மாட்டீங்க, கண்ணாடியெல்லாம் இறக்கி விட்டுட்டு, வேர்வையும் சம்பால் வாசனையுமா ஏழெட்டு வயசுப் பசங்க ஒருத்தர ஒருத்தர் இடிச்சிட்டு கெடப்பாங்க. அவங்கள அடக்கறதுக்குத்தான் நீங்க கதை படிக்க ஆரம்பிச்சீங்க, இலக்கியத் தொண்டுன்னு யாரும் நெனச்சுக்க வேணாம். என் மக வீட்டுக்கு வந்து "ஆன்ட்டிகிட்ட இருந்த கதையெல்லாம் முடிஞ்சி போச்சும்மா"ன்னு சொன்ன அன்னைக்குத்தான் நான் எழுதி வெச்சிருந்தத ஆபீஸ் பிரிண்டர்ல அடிச்சு, ஸ்டேப்ளர் குத்தி உங்க கைல குடுத்தேன்.

அப்புறம் நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இருக்கே! முன்னாடி பாதி லாரி சத்தம், நடுவுல "டேய் உக்காருடா", கடைசியில உங்க தீர்ப்பு. எனக்கு இன்னும் மறக்காதது ஐஸ்கிரீம் மோட்டார். அந்த அங்கிள் டெய்லி ஒரே நேரத்துக்கு மணி அடிச்சிக்கிட்டு வருவாரு, கதைல எந்தப் பக்கம் ஓடும்போது பசங்க மணிக்குத் திரும்புறாங்க, எந்தப் பக்கத்துல திரும்பல, அத நீங்க பேனாவால தாள்லயே குறிச்சு அனுப்புவீங்க. திரும்புன பக்கத்துக்கு ஒரு கோன் படம், திரும்பாத பக்கத்துல ஒண்ணும் இருக்காது. முதல் தடவ வந்த தாள்ல முழுக்க கோனு. விடியற்காலைய வர்ணிச்சு முக்கா பக்கம் எழுதியிருந்தேன், பினாங்கு பாலத்துக்கு மேல சூரியன் வர்றதெல்லாம், அதுல மட்டும் ரெண்டு கோன். அந்த முக்கா பக்கம் போச்சு, இப்போ கதை பியாவாக் வால் லோங்காங் தண்ணில சொதக் சொதக்னு அடிக்கறதுல இருந்து ஆரம்பிக்குது. "எனக்கும் பையி வேணும், எனக்கும் சப்பாத்து வேணும்"னு அது கேக்கற வரிய நான் ஒரு தடவதான் எழுதியிருந்தேன், பின் சீட்டுப் பசங்க அத பாட்டாவே ஆக்கிட்டாங்கன்னு நீங்க சொன்ன பிறகுதான் ஒவ்வொரு வாசல்லயும் அது நின்னு அதையே கேக்கற மாதிரி மாத்துனேன். பசங்களுக்கு அடுத்து என்ன வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கறதுல ஒரு குஷி இருக்கு, நாமதான் ஒரே வரி திரும்ப வந்தா எழுத்துல சரக்கு இல்லன்னு நெனச்சுக்கறோம்.

முடிவு விஷயத்துக்கு வர்றேன். நான் முதல்ல எழுதியிருந்த முடிவுல தலைமையாசிரியர் வந்து சுத்தம் பத்தி நாலு நல்ல வார்த்த சொல்லுவாரு. நம்ம சிறுவர் கதைங்க முக்கால்வாசி அப்படித்தானே முடியுது, இல்லாட்டி கதையே இல்லன்ற மாதிரி. பாவம் அந்தப் பசங்க, திங்கக்கிழம சபைகூடல்ல அறிவுரை, வகுப்புல அறிவுரை, வீட்டுக்கு வந்தா பாட்டி ஒரு பக்கம், கதைப் புத்தகத்துலயாச்சும் விட மாட்டோமா? நீங்க அந்தப் பக்கத்த படிச்சு முடிச்சப்ப கண்ணாடி போட்ட அந்தக் குட்டிப் பொண்ணு கேட்டுச்சாமே, "ஆன்ட்டி, அப்ப பியாவாக் இன்னிக்கி ராத்திரி எங்க தூங்கும்?"னு. வேன்ல இருந்த எல்லாருக்கும் அதுதான் கவலையாம், தலைமையாசிரியர் பேசுனது ஒருத்தருக்கும் காதுல விழல. நான் ரெண்டு ராத்திரி அந்தக் கேள்வியோடவே கெடந்தேன். கடைசியில பியாவாக் தூங்கறதுக்கு பள்ளித் தோட்டத்துல வாழமரத்தடியில ஒரு எடம் குடுத்தேன், தலைமையாசிரியர அனுப்பி வெச்சிட்டேன். அன்னைக்கு மேடைக்குக் கீழ நடுவரா இருந்த ஒரு அம்மா என் கைய புடிச்சிக்கிட்டு, முடிவுதான் எங்களுக்கு ரொம்பப் புடிச்சதுன்னாங்க. நான் என்னத்த சொல்ல? அந்தக் கேள்விய கேட்டது ரெண்டாம் ஆண்டு பிள்ள, அத தூக்கிப் போடாம எனக்குக் கொண்டாந்து குடுத்தது நீங்க.

இத சும்மா அடக்கத்துக்கு சொல்லல. சுவீடன்ல அஸ்திரித் லிண்ட்கிரென்னு ஒரு எழுத்தாளர், அவங்க 2002ல தவறுன பிறகு அந்த நாட்டு அரசாங்கமே அவங்க பேருல சிறுவர் இலக்கியத்துக்கு ஒரு விருது வெச்சிச்சு, தொகை 50 லட்சம் குரோனர். அத எழுதறவங்களுக்கும் ஓவியம் வரையறவங்களுக்கும் மட்டும்னு வெக்கல, வாயால கதை சொல்றவங்களுக்கும் பிள்ளைங்கள படிக்க வெக்கறவங்களுக்கும் சேர்த்துத்தான் வெச்சிருக்காங்க. 2007ல வெனிசுலாவுல புத்தகத்த பிள்ளைங்க கைல சேர்க்கற ஒரு அமைப்புக்குப் போச்சு, 2009ல பாலஸ்தீனத்துல அதே மாதிரி வேல செய்யற ஒரு அமைப்புக்கு. புரியுதுல்ல? உலகத்துல பெரிய விருது குடுக்கறவங்க கணக்குல நீங்களும் இந்த வேலையிலதான் இருக்கீங்க.

நம்ம பக்கம்தான் இதெல்லாம் லேட்டு. இந்தியாவுல சாகித்திய அகாதெமி பெரியவங்க எழுத்துக்கு 1955லயே விருது குடுக்க ஆரம்பிச்சாச்சு, சிறுவர் எழுத்துக்குன்னு தனியா விருது வந்தது 2010ல, நடுவுல 55 வருஷம்! ஆனா அழ. வள்ளியப்பா மாதிரி ஆளுங்க யாரு குடுப்பாங்கன்னு காத்துக்கிட்டு உக்காரல, 1950லயே குழந்தை எழுத்தாளர் சங்கம்னு ஒண்ணு வெச்சு நடத்துனாங்க. வள்ளியப்பா வேல பார்த்தது பேங்க்ல, தெரியுமா? பிறைங்கற ஊருல தொழிற்சாலையில நாள் பூரா இன்வாய்ஸ் தட்டிக்கிட்டு இருக்கற எனக்கு அது பெரிய ஆறுதல்.

இங்கயும் எங்கப்பா காலத்துல ஊக்கம்னா பத்திரிகைதான். ஐம்பதுகள்ல தமிழ் முரசுல மாணவர் மணிமன்றம்னு ஒரு பகுதி, சிங்கப்பூர் மலாயா ரெண்டு பக்கத்துலயும் நெறைய எழுத்தாளருங்க அதுல தன் பேர பார்த்துட்டுத்தான் கிளம்பி வந்தாங்க. காசு கெடையாது, பொன்னாடை கெடையாது, சின்ன எழுத்துல பேரும் பள்ளிக்கூடமும், அத கத்தரிச்சு நோட்டுல ஒட்டி வெச்சுக்குவாங்க. 1924ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் பத்திரிகையே 2019ல மூடியாச்சு, இப்ப ஒரு பிள்ள தன் பேர அச்சுல பார்க்கணும்னா எடம் கொறைஞ்சிட்டே வருது. 1816ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்புன்னு தொடங்குனது, இன்னைக்கு மலேசியா பூரா ஐநூறுக்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, படிக்கறதுக்குப் பிள்ளைங்க இருக்காங்க அக்கா. நிலாம்னு பள்ளிக்கூடத்துல வாசிப்புத் திட்டம் ஒண்ணு இருக்கே, அதோட பதிவேட்டுல எழுதணுமேன்னு ஒரே மெல்லிசு புத்தகத்த நாலு பேரு மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போறத என் மக வகுப்புலயே பார்க்கறேன். அதுல வர்ற ஊரும் பெரும்பாலும் நம்ம ஊரா இருக்காது. பிளாட்டு, லிப்ட், பசார் மாலாம்னு சொல்ற ராத்திரிச் சந்தை, வெள்ளம் வந்தா மாடிப்படியில வந்து உக்கார்ற பூனை, இதெல்லாம் எப்பதான் கதைக்குள்ள வரும்?

பரிசு வந்து என்ன மாறுச்சுன்னு கேட்டீங்கன்னா, எங்கம்மா முதல்ல கேட்டது எவ்ளோ வெள்ளின்னுதான். ஆபீஸ்ல பக்கத்து மேசை சீன ஆன்ட்டி கதைய மலாய்ல சொல்லச் சொல்லி கேட்டுட்டு, பியாவாக்குக்குப் பை கெடச்சுதா இல்லியான்னு ரெண்டு நாளா அதே கேள்வி. அன்னைக்கு ராத்திரி ரயில்ல மக என் மடியில தூங்கிட்டா, நான் போன்ல நோட்ஸ திறந்து அடுத்த கதைக்கு ரெண்டு வரி தட்டிட்டேன். ஊக்கம்னு சொல்றாங்களே, எனக்கு அவ்வளவுதான் தெரிஞ்சிச்சு, கை தானா போச்சு. ஆனா ஒண்ணு, பரிசெல்லாம் எப்பவாச்சும் வர்றது. ஒண்ணும் வராத மாசங்கள்ல என்ன எழுத வெச்சது உங்க கோன் படம் போட்ட தாளுங்கதான், அத எல்லாத்தையும் ஒரு பைல்ல வெச்சிருக்கேன்.

இப்ப நான் கேக்கப் போறத முடியாதுன்னு சொல்லக் கூடாது.

போன மாசம் மழையில வேன் நின்னப்ப பசங்ககிட்ட உங்க ரப்பர் தோட்டத்து கதைய சொன்னீங்கல்ல, என் மக வந்து எனக்கு ஒப்பிச்சா. நிபோங் தெபால் பக்கத்துல நீங்க பொறந்த எடம், அப்பா அம்மா விடியறதுக்கு முன்னாடி பிரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேரு குடுக்கற எடத்துக்கு, போயிடுவாங்க, உங்கள ஆயாக்கொட்டகையில விட்டுட்டு. வெயில் காலத்துல ரப்பர் காய் டப்பு டப்புன்னு வெடிக்கும், மரங்க ஒண்ணோட ஒண்ணு பேசுதுன்னு ஆயா சொல்லுவாங்க, நீங்க எல்லாம் எந்த மரம் என்ன சொல்லுச்சுன்னு சண்ட போடுவீங்க. அப்புறம் அந்தக் கொட்டைய பொறுக்கிட்டு வந்து சிமெண்டுத் தரையில தேய்ச்சு, சூடு ஏறுன உடனே முன்னாடி உக்காந்திருக்கறவன் கைல வெச்சு அலற வெக்கறது. அன்னைக்கு ஐஸ்கிரீம் மணி அடிச்சப்ப ஒரு தல கூட திரும்பலியாம், என் மக சாட்சி. அந்தப் பசங்கள்ல பாதிப் பேரு ரப்பர் மரத்த நேர்ல பார்த்ததே கெடையாது, இப்ப ரப்பர் கொட்டை எங்க கெடைக்கும்னு என்ன நச்சரிக்கறா.

"நான் ஆறாம் வகுப்போட நின்னவ, எனக்கு எங்க எழுத வரும்"னு ஆரம்பிச்சுடாதீங்க. எழுதவே வேணாம்லா. போன எடுத்து, சாயங்காலம் வேன கழுவிட்டு உக்கார்ற நேரத்துல, பசங்ககிட்ட சொன்ன மாதிரியே சொல்லி எனக்கு அனுப்புங்க, நான் ஒரு வார்த்த மாத்தாம தட்டித் தரேன். இந்தத் தடவ கோன் படம் போடறது நானு, என் மகளையும் அவ கூட்டாளிங்களையும் வெச்சு சோதிச்சுடுவேன். கதை உங்க பேருலதான் போகும்.

பரிசுக் காசுல கொஞ்சம் எடுத்து மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒண்ணும், அது நெறையறதுக்குக் கதைப் புத்தகமும் வாங்கியிருக்கேன், உங்க முன் சீட்டுக்குக் கீழ வெக்கறதுக்கு அளவு பார்த்துத்தான் வாங்குனேன். வேணாம்னு சொன்னா பசங்ககிட்ட நேரா குடுத்துடுவேன், அப்புறம் உங்க பாடு. திங்கக்கிழம காலைல கீழ கொண்டாந்து தர்றேன், பின்னாடி காடிக்காரங்க கத்துனா கத்தட்டும்.

அதுக்குள்ள ஒண்ணு மட்டும் யோசிச்சு வைங்க. புத்தகம் வந்தா அட்டையில பேர எப்படி போடறது, ஐசி, அதான் அடையாள அட்டையில இருக்கற மாதிரி முழுசாவா, இல்ல பசங்க கூப்பிடற மாதிரி வேன் ஆன்ட்டின்னா? என் ஓட்டு ரெண்டாவதுக்கு, என் மக ஓட்டும் அதுக்குத்தான்.