மேலட்டூர் நரசிம்மர் முகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, தஞ்சை மாவட்டம் மேலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்தின் நரசிம்மர் முகத்தை (முகமூடியை) வெறும் ஒப்பனைப் பொருளாகக் குறிப்பிட்டது சரியன்று. நரசிம்ம ஜயந்தியையொட்டி வரதராஜப் பெருமாள் கோயில் எதிரே விடிய விடிய நடக்கும் பிரகலாத சரித்திரத்தில் அணியப்படும் அந்த முகம், கோயிலில் வைத்துப் பூசிக்கப்படுவது. அணிபவர் அன்று உபவாசம் இருப்பார். ஆவேசம் ஏறி இரணியன்மேல் பாயும் அவரைச் சுற்றிலும் ஆட்கள் இறுகப் பிடித்துக்கொள்ள, நாடகத்தை இயற்றிய வேங்கடராம சாஸ்திரியின் தெலுங்குப் பாட்டு விளங்காதவர்களும் (நானும் அவர்களில் ஒருவன்) எழுந்து கைகூப்புவார்கள். நான் கடைசியாகச் சென்றபோது, அந்நேரத்தில் கைபேசி விளக்குகள் அவர் கண்ணுக்கு நேரே அடித்தன. அந்தக் காட்சி முடியும்வரையாவது அவற்றை அணைத்து வைக்கும்படி முன்கூட்டியே ஒலிபெருக்கியில் அறிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்