மெயின்ரோட்டு முக்கில் டார்ச்சோடு ஒரு ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை என்று நீ வருத்தப்பட்டதாக அப்பா சொன்னார். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இருந்தேன், போன் வீட்டில் கிடந்தது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே டூட்டிக்கு நேரமாச்சு என்பாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐப்பசியில் மேலத்தெரு பெரியப்பாவின் பேரனைப் பாம்பு கடித்ததும் அவன் பிழைத்ததும் உனக்குத் தெரியும். முழுசாக நான் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறான். முந்தின நாள் தின்ற பரோட்டா சேரவில்லை போல என்று ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நாலு மணிக்கு இமை இரண்டும் தொங்கிப்போச்சு, தூக்கக் கலக்கம் என்றார்கள். ஐந்து மணிக்கு எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தபோதுதான் யாரோ பாயைத் தூக்கி உதறினார்கள். அடியில் கட்டுவிரியன். உடம்பில் வீக்கம் கிடையாது, பல் பட்ட தடம்கூடத் தெரியவில்லை. கட்டுவிரியன் கடி அப்படித்தானாம், தூங்குகிறவர்களுக்கு எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. அப்புறம் வண்டி தேடி, முதலில் போன இடத்தில் ராத்திரி டாக்டர் இல்லாமல், அங்கிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரும்போது மணி எட்டரை. ஐந்து நாள் மெஷினில்தான் மூச்சு விட்டான்.

எனக்கு அந்த இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரைதான் மனசில் நிற்கிறது தம்பி. அந்த நேரம் முழுக்க பிள்ளை நம் தெருக்காரர்கள் கையில் இருந்தான், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள், நானும் அந்த வாசலில்தான் நின்றேன். இமை தொங்குவதைப் பார்த்தேன், எனக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் நர்சம்மாவிடம் போய் நின்றேன். அவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வருகிற பெண்ணும் நாலு ஞாயிறாகப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு வந்து, பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருகிறார்கள். போன வாரம் உன் சித்தி மருமகளைப் பெஞ்சில் படுக்க வைத்து, பழைய குடைக் கம்பை காலோடு சேர்த்து, அப்பாவின் கிழிந்த வேட்டியால் சுற்றிக் கட்டிக் காட்டினார். கட்டுக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். காலை அசைக்காமல் வைக்கத்தான் இந்தக் கட்டு, ரத்தத்தை நிறுத்த இல்லை. நம் ஊரில் கயிற்றை இறுக்கி இறுக்கியே எத்தனை பேருக்குக் கால் கறுத்திருக்கிறது! கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கொலுசு, மோதிரம், மெட்டி எல்லாம் உடனே கழற்றிவிட வேண்டும், வீங்கினால் அதுவே அறுக்கும். மெட்டி என்றதும் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கடைசியில் மேலத்தெரு பெரியம்மாதான் எழுந்து தன் மெட்டியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்து, "கால் இருந்தா மறுபடி போட்டுக்கலாம்டி" என்றார்.

பாம்பை அடித்து எடுத்து வருகிறேன் என்று நேரத்தைக் கழிக்க வேண்டாம் என்றும் நர்சம்மா சொன்னார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் பாம்புப் பண்ணை பார்த்து என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாயே, பாம்பு பிடிக்கிற இருளர்கள் 1978ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது. அவர்கள் எடுக்கிற விஷத்தைத் துளித்துளியாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்களாம். நம் பிள்ளைக்கும் முதலில் பத்துக் குப்பி போட்டார்கள். ஒன்பது வயசுதானே என்று குறைக்கவில்லை, பாம்பு ஆளைப் பார்த்தா விஷத்தை அளந்து விடுகிறது?

இன்னொரு வேலையும் செய்தோம். ரேஷன் கடைச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறோம்: மருந்தும் ராத்திரி டாக்டரும் எங்கே இருக்கிறார்கள், அங்கே எந்த நம்பரில் முதலில் பேச வேண்டும், 108 ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் யார் வீட்டு வண்டி. 108 வந்தாலும் நம் ஊருக்குத் திரும்புகிற இடம் இருட்டில் தெரிவதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. அதனால் போன் போட்ட நிமிஷமே ஒரு ஆள் டார்ச்சோடு சைக்கிளில் மெயின்ரோட்டு முக்குக்குப் போய் நிற்க வேண்டும் என்று முடிவு. தெருவுக்கு இரண்டு பையன்கள். ஒத்திகை பார்த்தோம், கீழத்தெருப் பையன் ஏழு நிமிஷத்தில் போய்விட்டான். ரம்பம் ஒன்று பஞ்சாயத்து ஆபீசில் வைத்திருக்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் ரோடு முழுக்கத் தென்னை விழுந்து, பிரசவ வலியில் இருந்த பெண்ணைக் கட்டிலோடு தூக்கிப் போனோமே, அது யாருக்கும் மறக்கவில்லை.

மந்திரிக்கிற தாத்தாவிடம் எப்படிப் பேசுவது என்றுதான் பயந்தேன். அப்பாதான் போனார். தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதலில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள், நான் இங்கிருந்தே மந்திரிக்கிறேன் என்றாராம். அவர் திண்ணையிலேயே 108 என்று எழுதச் சம்மதித்தார். அவரை நம்பிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர் வாயால் சொன்னால்தான் கேட்பார்கள்.

2024 நவம்பரிலேயே அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. எங்கே எத்தனை பேர் என்று கணக்கு வந்தால் மருந்தும் அங்கே வரும் என்று நம்புகிறேன். அதுவரை நாம் சும்மா இருக்க முடியாது, தாளடி நெல் அறுவடை வருகிறது, வைக்கோலும் எலியும் பாம்பும் சேர்ந்தே வரும்.

பொங்கலுக்கு எனக்குப் பட்டுப்புடவை எடுக்கப் பணம் போடுகிறேன் என்றாயே, அதில் கொசுவலை வாங்கிக்கொள்கிறேன். ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வராது. வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டேன், பதினேழு வீட்டில் தரையில்தான் படுக்கிறார்கள். சிங்கப்பூரில் நல்ல டார்ச் கிடைத்தால் பொங்கலுக்கு வரும்போது நாலு எடுத்து வா, மழையில் நனைந்தாலும் எரிகிற மாதிரி பார்.

உன் அம்மா