கணிதக் களஞ்சியத்தை நாமே எழுதலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள இணையத்தில் நம்பகமான கணிதக் களஞ்சியம் இல்லை, அரசு ஒரு வல்லுநர் குழு அமைத்து அதை உருவாக்க வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். குறை உண்மைதான். ஆனால் குழு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தன்னார்வலர்களால் இதைச் செய்ய முடியும், வடசென்னையிலேயே தொடங்கவும் முடியும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், இராமானுஜனின் கடிதங்களையும் அவரோடு பழகியவர்களின் நினைவுகளையும் தேடித்தேடிச் சேர்த்தார். 1968-ல் அவை நினைவுத் தொகுதியாக வெளிவந்தன. வெளியிட்டவர்கள் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள். ராயபுரத்தில் 1993-ல் இராமானுஜன் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவரும் அதே சீனிவாசன்தான். ஒரு பள்ளிக்கூடமும் அதன் பிள்ளைகளும் சேர்ந்து இவ்வளவு செய்திருக்கிறார்கள்.

தன்னார்வலர்கள் என்றதும், ஆளாளுக்கு எழுதி வைத்தால் யார் திருத்துவது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என்னிடம் மாலையில் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பெண், இருபடிச் சமன்பாட்டின் மூலங்களுக்கான சூத்திரத்தை இணையத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தில் பார்த்துவிட்டு, “டீச்சர், ஏ-க்கு ஜீரோ போட்டா கீழேயும் ஜீரோ வருதே, எப்படி வகுக்கறது?” என்றாள். எக்ஸ் வர்க்கத்தின் கெழுவான ஏ பூச்சியமாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை அந்தப் பக்கத்தில் இல்லை. பூச்சியமானால் அது இருபடிச் சமன்பாடே அல்ல, சூத்திரம் அங்கே செல்லாது. ஒரே ஒரு வரிதான் விட்டுப்போயிருந்தது. அதைப் பிடித்தவள் ஒரு பள்ளிப் பெண். அவள் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாளர் என்று யாருமே இல்லை.

ஆங்கிலத்தில் 2001 வாக்கில் தொடங்கிய பிளானட்மேத் என்ற களஞ்சியத்தில் இதற்கு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒரு பதிவை எழுதியவரே அதற்குப் பொறுப்பு. படிப்பவர் யாரும் திருத்தம் கோரலாம். பொறுப்பாளர் அதைக் கவனித்தாக வேண்டும். கண்டுகொள்ளாமலே இருந்தால் பதிவு அவர் கையை விட்டுப் போய்விடும், வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். யாரும் எதையும் எப்போதும் மாற்றலாம் என்பதைவிட இந்த முறைதான் நமக்குச் சரிப்பட்டு வரும் என்று உறுதியாக நினைக்கிறேன். தன் பெயர் இருக்கும் பக்கத்தைப் பிழையோடு விட்டுவைக்க எந்த ஆசிரியருக்கும் மனசு வராது. பிழை பிடிப்பதில் நம் மாணவர்களும் சளைத்தவர்கள் அல்லர்.

எழுதியதை யார், எப்படி எடுத்தாளலாம் என்ற உரிமத்தை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். எரிக் வைஸ்டைன் வளர்த்தெடுத்த மேத்வேர்ல்ட் என்ற ஆங்கிலக் கணிதத் தளம், அதை அச்சில் கொண்டுவந்த பதிப்பகம் தொடுத்த வழக்கால் 2000 அக்டோபரில் மூடப்பட்டது. திரும்ப வந்தது 2001 நவம்பரில்தான். பிளானட்மேத் பிறந்ததே அந்த இடைவெளியில். விக்கிப்பீடியாவில் இருப்பதுபோல, எழுதியவர்களைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்தாளலாம், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தளம் நின்றுபோனாலும் எழுதியது வீணாகாது.

சூத்திரங்களை வரிசையாக அடுக்கி வைத்தால் மட்டும் போதாது. இராமானுஜன் கும்பகோணத்தில் பள்ளிப் பருவத்தில் படித்த கார் என்பவரின் தொகுப்பில் ஏறத்தாழ 5,000 முடிவுகள் இருந்தன, நிரூபணங்கள் மிகக் குறைவு. விட்டதையெல்லாம் அவரே நிரப்பிக்கொண்டார். பின்னாளில் நம் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்துகொண்டே கணக்குப் போட்ட அந்த மேதைக்கு அது போதும். வியாசர்பாடியிலிருந்து பி.எஸ்சி. கணிதம் சேரும் முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் போதாது. 3 ஆல் வகுபடும் தன்மையைச் சொன்னால், 10, 100, 1000 எதை 3 ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும், அதனால்தான் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கிறோம் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும்.

ஆள் கிடைப்பார்களா? வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி என்று எங்களைச் சுற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கணக்கைக் கணினியில் அடிக்கத் தெரியாத மூத்த ஆசிரியர்கள் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பட்டும், கணிதக் குறியீடுகளை அடிக்க உதவும் லேட்டெக் மென்பொருள் தெரிந்த மாணவர்கள் அதைத் தட்டச்சு செய்யட்டும், மூன்றாவதாக ஒருவர் சரிபார்க்கட்டும். முதலில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள், அப்புறம் கல்லூரிக் கணிதம். அரசுக்கு உதவ மனமிருந்தால் பகுதி நூலகங்களில் வாரம் ஒரு மாலை கணினியும் இடமும் தரட்டும்.

எண்கள் பற்றிய பதிவுகளை எழுதவும், வரும் திருத்தங்களுக்குப் பதில் சொல்லவும் நான் தயார். சேர விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் தங்களுக்கு எழுதலாம் என்று தங்கள் நாளிதழில் ஒரு சிறு அறிவிப்பு வெளியிட்டால், முதல் கூட்டத்துக்குத் தண்டையார்பேட்டையில் இடம் பார்த்துத் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை-81