ஆரத்தித் தண்ணீர்

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது சரி, மாடிப்படி ஏறுவதை இன்னும் நீ விட்டபாடில்லையே!

இங்கே பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்தாயிற்று. ஆரத்தி சுற்றியதும் வாசலில் கொட்டவிடாமல் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டான் பெரியவனின் மகன். ஒன்பதாம் வகுப்பு. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான், சிவப்பு போய் மஞ்சள் வந்துவிட்டது. "சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம். சேர்ந்தால் உப்பும் தண்ணீரும். ஆகவே நடுநிலை" என்றேன், பழைய வாத்தியார் மிடுக்கு போகுமா?

"சமையல் சோடாவும் உப்புதானே தாத்தா?" என்றான்.

மஞ்சள் கரைத்த தண்ணீர் மூன்று கிண்ணங்களில் வந்தது. உங்கள் தூத்துக்குடி உப்பு போட்டதில் நிறம் மாறவில்லை. சோடா போட்டதில் செம்மை படர்ந்தது. சாப்பாட்டு உப்பைப் பெற்ற ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் இரண்டுமே பலசாலிகள், ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. சோடாவைப் பெற்றவற்றிலோ கார்பானிக் அமிலம் நோஞ்சான். அதனால் கரைசல் காரத்தின் பக்கம் சாய்கிறது, அமில-கார அளவான பி.எச். 8-க்குச் சற்று மேல் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்).

மூன்றாவது கிண்ணத்தில் படிகாரம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. "நடுநிலை" என்று நோட்டில் எழுதிவிட்டான். நானும் தலையாட்டினேன். மறுநாள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த, அமிலம் பட்டால் சிவக்கும் நீல லிட்மஸ் தாள் அதே கரைசலில் சிவந்தபோதுதான் உறைத்தது: மஞ்சளுக்குக் காரத்தை மட்டுமே அடையாளம் தெரியும். அமிலமும் நடுநிலையும் அதற்கு ஒன்றுதான். அப்படியென்றால் அந்த ஆரத்தித் தண்ணீர்? ஒரு முழுப் பழத்தைப் பிழிந்திருந்தான். நடுநிலையைத் தாண்டி அமிலத்துக்கே போயிருக்கும். கல்லூரியில் சொட்டுச் சொட்டாக விடவேண்டிய பியூரெட் குழாயைத் திறந்துவிட்டு, அளவு தாண்டுவது தெரியாமல் நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாயே, அதே கதை.

நடுநிலை என்றால் 7 என்பதும் 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. நம் மொட்டைமாடித் தொட்டி மே மாதத்தில் 40 டிகிரிக்குக் கொதிக்கிறதே, அந்தச் சூட்டில் தூய நீரின் பி.எச். 6.8. ஆனாலும் அது அமிலமில்லை. அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனியும் காரத்தன்மை தரும் ஹைட்ராக்சைடு அயனியும் அங்கேயும் சரிக்குச் சரிதான். இதைப் பையனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தொட்டியில் ஏறிவிடுவான்.

உப்பளப் பக்கம் போனால் சுத்திகரிக்காத கல்லுப்பு ஒரு பிடி எடுத்து வை. அவனுக்கு வேண்டுமாம்.

அன்புடன்,
ராமநாதன்